ஜெசிந்தா அக்காவிடம் கேட்காதது

நவம்பர் 9, ஞாயிறு

மழை. வெயில். மறுபடி மழை. துணியை வெளியே போட்டு, உள்ளே எடுத்து, வெளியே போட்டு, கடைசியில் நாற்காலிகளின் முதுகில்.

செய்ய வேண்டியது:
– நாலாம் அத்தியாயம் (இனி அ.4) திருத்தி ஹெலனுக்கு அனுப்ப. என் வழிகாட்டிப் பேராசிரியர் பொறுமைசாலி. அதுதான் பயம்.
– இந்த நாட்டின் தெற்குக் கோடியில், டனீடன் என்ற ஊரில் பார்த்து வைத்திருக்கும் அறை. வீட்டுக்கார ஆன்ட்டி திருநெல்வேலிப் பக்கம். உள்ளே விடுவதற்கு முன் கூட இருந்தவர்களிடம் விசாரிப்பாராம். என்னோடு தங்கியிருக்கும் ஜெசிந்தா அக்கா (இனி ஜெ. அக்கா) நம்பர் கொடுத்தாச்சு. அக்காவிடமும் சொல்லியாச்சு: "ஒரு தமிழ் ஆன்ட்டி கூப்பிடுவாங்க. கொஞ்சம் கறாரான ஆள். என்னைப் பத்தி நல்லதாச் சொல்லுங்க."
– அரிசி. கடுகு. பாத்ரூம் கழுவ என் முறை.

டனீடன் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருடம், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த. பிப்ரவரியில் சேர வேண்டும். அம்மாவுக்குத் தெரியாது. ஆய்வேட்டைக் கொடுத்ததும் திருச்சிக்கு வந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேரம் பார்த்து, வார்த்தை பார்த்து, நானே சொல்ல வேண்டும். இந்த ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் ஜெ. அக்கா. தோழி ப்ரியாவிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அவள் இருக்கும் பிளாட் புஷ் ஏரியா முழுக்கச் சொன்ன மாதிரி.

மாலை அம்மா ஃபோன். சாப்பாடு, அப்பாவின் முட்டி, மாடி வீட்டுக் கல்யாணம். பிறகு, ரொம்பச் சாதாரணமாக:

"ஏன்டி கயலு, டனீடன்னு அங்க ஒரு ஊர் இருக்காமே. ரொம்பக் குளிராமே?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லப் போறா? டிவில காட்டினான்."

திருச்சியில், எங்கள் வீட்டு டிவியில், சீரியலுக்கும் செய்திக்கும் நடுவில், டனீடன்.

நவம்பர் 10, திங்கள்

காற்று. டொமினியன் ரோடு பஸ் வரவில்லை, பிறகு இரண்டு சேர்ந்து வந்தன.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்பதை மட்டும் மறைக்கிறாள். தகவலைக் காட்டினால் தகவல் சொன்ன ஆளும் வெளியே வந்துவிடுவார். இதை நான் அ.4-இல் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

அ.4 இதுதான். புதிய அமெரிக்கக் குடியரசு. பிரிட்டனும் பிரான்சும் சண்டையில், நடுவில் இது, கப்பலும் இல்லை காசும் இல்லை. தலைநகரில் ஒவ்வொருவரும் அடுத்தவரை ஏதோ ஒரு நாட்டின் ஆள் என்று நினைக்கிறார். பிரெஞ்சுத் தூதர் தன் நாட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றைக் கடலில் பிரிட்டிஷார் பிடிக்கிறார்கள். அதில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் (வெ.செ.) தூதரோடு ரகசியமாகப் பேசியதாக, பணம் கேட்டதாகவும் தொனிக்கிற மாதிரி சில வரிகள். கடிதத்தை வெ.செ.யின் போட்டியாளர்களிடம் கொடுக்கிறார்கள். அவர்கள் ஜனாதிபதியிடம். ஜனாதிபதிக்கு வெ.செ. பழைய நண்பர். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கும் மேல் சிரித்துப் பேசி, விருந்துக்கு அழைத்து, கவனித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் அந்தப் போட்டியாளர்களையும் உட்காரவைத்துக்கொண்டு, கடிதத்தை எடுத்து நீட்டினார். படியுங்கள் என்றார். படிக்கும்போது எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். வெ.செ. அன்றே பதவி விலகினார்.

ஹெலன் ஓரத்தில் பென்சிலால்: ஏன் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை?

அரசு நலன், சாட்சியம், தப்பிக்க அவகாசம் கொடுக்காமை என்று மூன்று பத்தி பதில் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

இரவுச் சாப்பாடு ஜெ. அக்காவோடு. பிட்டும் மீன் குழம்பும். அக்கா மன்னார், முதியோர் இல்லத்தில் நர்ஸ். மூன்று வருடமாக ஒரே வீடு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு போட்டார். நான் சிரித்துப் பேசினேன். கவனித்தேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்துச் சாப்பிட்டார். எப்போதும் அப்படித்தானா? ஞாபகம் இல்லை.

நவம்பர் 12, புதன்

மந்தாரம். அ.4-இல் ஒரு வரி நகரவில்லை.

நூலகத்திலிருந்து சீக்கிரமே வந்தேன். அக்காவுக்கு விடுமுறை. அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே பேச்சு. நான் ஹாலில் செருப்போடு நின்றேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"ஓம்... ஓம், ரெண்டு வருசம் தான்... இல்லை, இந்தியாவுக்குத் திரும்பிப் போற எண்ணம் இருக்கிற மாதிரித் தெரியேல்லை... பொடியங்களோ? சீச்சீ. அப்பிடி ஒருத்தரும் வாறேல்லை... பத்து மணிக்கெல்லாம் லைட் அணைஞ்சிடும்... ஐயோ, நான் சொல்லமாட்டன். இப்பிடியான விசயம் ஆளுக்குத் தெரியாமல் கேக்கிறது தானே முறை."

சிரிப்பு. பிறகு, "சரி, அப்ப வைக்கிறன்."

வாசலுக்குத் திரும்பிப் போய், சாவியைச் சத்தமாகப் போட்டு, புதிதாக உள்ளே வந்தேன்.

"வந்திட்டியோ பிள்ளை? பிளேன்டீ போடவோ?"

"போடுங்கக்கா."

குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

யோசித்தது:
– அம்மா எப்படி அக்காவைப் பிடித்தாள்? நம்பர் ஏது?
– எவ்வளவு நாளாக?
– காய்ச்சல் வந்தபோது அம்மா ஒன்றுமே கேட்கவில்லையே என்று அப்போது வருத்தப்பட்டேன். கேட்கத் தேவை இல்லாமல் இருந்ததா?

சந்தேகம் வந்த பிறகு பழைய நாட்களும் நிறம் மாறுகின்றன. அக்கா ஊருக்குப் போனபோது எனக்கு வாங்கி வந்த சேலை. அம்மாவுக்குப் பிடித்த கரும்பச்சை.

ஒரு வேலை செய்தேன். பொய் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது. ராஜதந்திரிகள் எல்லோரும் செய்ததுதான். அக்காவுக்கு மட்டும் சொன்னேன்:

"சனிக்கிழமை ராக்ளன் பீச்சுக்குப் போறேங்கா. டேவிட்னு ஒரு ஃப்ரெண்டு கூட."

டேவிட் என்று யாரும் இல்லை. இது திருச்சி வரை போய்ச் சேர்ந்தால் அம்மாவால் ஒரு நாள்கூட வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். "கடலுக்கெண்டால் சன்ஸ்கிரீன் பூசு. இஞ்சத்தை வெயில் சும்மா விடாது. என்ரை புதுசு ஒண்டு கிடக்கு, கொண்டு போ."

நவம்பர் 14, வெள்ளி

நானே அம்மாவைக் கூப்பிட்டேன். வழக்கமில்லை. அப்பாவின் முட்டி பரவாயில்லை. வெங்காயம் விலை. ராக்ளன் இல்லை. டேவிட் இல்லை.

அப்படியென்றால் அக்கா சொல்லவில்லை.

அல்லது சொல்லி, அம்மா அடக்கிக்கொள்கிறாள். அல்லது அக்காவுக்கு நான் சோதிப்பது புரிந்துவிட்டது. அந்த ஒரு கணப் பார்வை.

நவம்பர் 15, சனி

கொளுத்தும் வெயில். ராக்ளனுக்கு அருமையான நாள்.

பொய் சொன்னதால் நாள் முழுக்க எங்காவது இருந்தாக வேண்டும். தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடம் வேண்டும் என்று இரண்டு பஸ் மாறிப் பாலம் தாண்டி கிளென்ஃபீல்ட். மாலில் உட்கார்ந்திருந்தேன், தோளில் துண்டு, பையில் அக்காவின் சன்ஸ்கிரீன். பக்கத்து மேஜையில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா: "சாப்பிடுறா, முழுங்குறா." பையன்: "நோ." நான் தூணுக்கு அந்தப் பக்கம் மாறிக்கொண்டேன். மாற எந்தக் காரணமும் இல்லை. பொய்யோடு இருக்கும்போது எல்லோரும் சொந்தக்காரர்கள்.

வெ.செ. அந்த வாரம் முழுக்க என்ன நினைத்திருப்பார் என்று முதல் தடவையாக யோசித்தேன். அ.4-இல் ஜனாதிபதியின் பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றும் தெரியாமல் வந்து போய்க்கொண்டிருந்த மனிதர். விருந்தில் உப்பை எடுத்துக் கொடுத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா துண்டைப் பார்த்தார். "மணல் ஒண்டையும் காணேல்லை?"

"உதறிட்டு வந்தேங்கா."

"ஓ."

நவம்பர் 16, ஞாயிறு

செய்துவிட்டேன்.

மதியம் ப்ரியா வந்தாள். அக்காதான் கூப்பிட்டிருந்தார், நல்ல நண்டு கிடைத்ததாம். மூன்று பேரும் மேஜையில். நான் ஏன் அப்போது ஆரம்பித்தேன்? தனியாகக் கேட்டால் அக்கா சமாளித்துவிடுவார், நானும் அந்தக் குரலில் இளகிவிடுவேன். இன்னொருவர் இருந்தால் மழுப்ப முடியாது. இப்படி யோசித்தேன். சரியாக இருப்பதாகவே பட்டது.

"அக்கா, டனீடன் விஷயத்தை நீங்கதான் எங்கம்மாகிட்ட சொன்னீங்களா?"

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். "என்னத்தை?"

"புதன்கிழமை ஃபோன்ல பேசினீங்கல்ல. ரெண்டு வருஷம், பசங்க யாரும் வரதில்ல, பத்து மணிக்கு லைட்டு. கேட்டேன்."

"கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டனியோ?"

"யார்கிட்டக்கா பேசினீங்க?"

"உன்ரை அம்மாவோடை நான் ஒருநாளும் கதைச்சதில்லை."

"சரி. அப்ப யார்கிட்ட?"

அக்கா ப்ரியாவைப் பார்த்தார். விருந்தாளி முன்னால் விசாரணை. கழுத்து சிவந்தது. "சொல்லமாட்டன் எண்டு அவவுக்கு வாக்குக் குடுத்தனான். இந்த நிமிசம் வரைக்கும் உனக்கு நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"எனக்கு நல்லதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். கை கழுவினார். சாவியை எடுத்துக்கொண்டு காரில் போய்விட்டார். அவர் தட்டில் சோறு மட்டும். நண்டு முழுக்க எங்கள் தட்டுகளில்.

ப்ரியா ஒரு நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினாள். பிறகு, "நண்டு சூப்பரா இருக்குல்ல?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அக்கா முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

மழை, நிற்காமல்.

காலையில் அக்கா டியூட்டி உடுப்போடு சமையலறையில். "நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ? பால் முடிஞ்சுது. டெய்ரிக் கடையிலை வாங்க வேணும்."

நீங்கள். மூன்று வருடத்தில் முதல் தடவை. பிள்ளை இல்லை, நீ இல்லை. முகத்தில் கோபம்கூட இல்லை, மரியாதை மட்டும். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மதியம் டனீடன் ஆன்ட்டியிடமிருந்து மெசேஜ்: ஊருக்குப் போயிருந்தேன்ம்மா, நேத்துதான் வந்தேன், உன் அக்காவை இன்னும் கூப்பிடல, எப்போ கூப்பிட்டா வசதி?

இன்னும் கூப்பிடவில்லை.

படித்துவிட்டு நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அக்காவைக் கூப்பிட்ட தமிழ் ஆன்ட்டி யார்?

ப்ரியாவைக் கூப்பிட்டேன். ஏன் அவளை என்று தெரியாது. அந்த நண்டுக் கால்.

"ப்ரியா, ஜெசிந்தா அக்கா நம்பரை யாருக்காவது குடுத்தியா?"

"ஏய், கோச்சுக்காதடி."

அவள் சொன்னது இது. எனக்கு ஒரு வரன். மாப்பிள்ளை பெங்களூரில். அவர் அத்தை பிளாட் புஷ்ஷில், ப்ரியா வீட்டுக்கு நாலாவது வீடு. பெண் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று கூட இருப்பவரிடம் விசாரிக்க வேண்டும் என்றார்கள். அம்மா ப்ரியாவிடம் நம்பர் கேட்டிருக்கிறாள். இவள் கொடுத்திருக்கிறாள். அத்தை அக்காவை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். முதல் தடவையிலேயே டனீடன் வெளியே வந்துவிட்டது. நம்பாமல், உறுதிப்படுத்திக்கொள்ள, புதன்கிழமை இரண்டாவது.

"நேத்து மேஜைல உக்காந்துட்டே இருந்தியே ப்ரியா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிடி சொல்றது? உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. அதுவும் இல்லாம நீ வக்கீல் மாதிரி பேசிட்டிருந்த, நடுவுல யாரு வாய் தொறப்பா?"

"அவங்க சமைச்சத சாப்பிட்டுட்டு."

"நீயும்தான சாப்பிட்ட?"

ஃபோனை வைத்துவிட்டேன்.

வெ.செ.யின் முகத்தைப் பார்க்க உட்காரவைக்கப்பட்டவர்கள்தான் கடிதத்தைக் கொண்டுவந்தவர்கள். பிரிட்டிஷ் ஆளோடு சில வருடம் முன்பிருந்தே யாருக்கும் தெரியாமல் பேசிவந்தவர் இன்னொரு செயலர், கருவூலத்துக்காரர். அவரை யாரும் கூப்பிட்டு நிற்கவைக்கவில்லை. இதெல்லாம் என் அடிக்குறிப்பில் இருக்கிறது. நானே எழுதினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

அக்கா வேலை முடிந்து வரும்வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பிடித்த மாதிரி கத்தரிக்காய் பொரித்து வைத்தேன். கொஞ்சம் கரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை, பெங்களூர், ப்ரியா. அக்கா ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அது வீட்டுக்காரி இல்லையோ?"

"இல்லக்கா. மாப்பிள்ளை வீடு."

"கறாரான தமிழ் ஆன்ட்டி ஒராள் எடுப்பா எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். எடுத்தவ பேரும் சொல்லேல்லை. பிள்ளை எப்பிடி, சமைப்பாளோ, மச்சம் மாமிசம் சாப்பிடுவாளோ, பொடியங்கள் வாறவங்களோ, கேட்டதெண்டு சொல்லாதேங்கோ, எல்லாம் ஒரே கேள்வி தானே. எங்கடை வேலையிலையும் ஆள் எடுக்கேக்கை ரெஃபரன்ஸ் கேட்டால் அந்த ஆளுக்குச் சொல்லமாட்டம்."

"ஒரு தடவைகூட சந்தேகம் வரலியாக்கா?"

"நட்சத்திரம் கேட்டவ."

"என்னது?"

"பிள்ளையின்ரை நட்சத்திரம் என்னெண்டு. எனக்கென்ன தெரியும், நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள். சைவ ஆக்கள் அறை வாடகைக்குக் குடுக்கவும் நட்சத்திரம் பாப்பினமாக்கும் எண்டு நினைச்சன். கார்த்திகை மாதம் பேர்த்டே எண்டு மட்டும் சொன்னன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

"ராக்ளனுக்குப் போகேல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "சன்ஸ்கிரீன் உடைக்காமலே திரும்பி வந்துது."

"ஏங்கா கேக்கல?"

"சொல்ல விருப்பமெண்டால் சொல்லுவீங்கள் எண்டு இருந்தன்."

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றார். கத்தரிக்காய் போட்டுச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றார். ஆனாலும் நீங்கள்தான்.

இன்னொன்று. அம்மாவைக் கூப்பிட்டு, டனீடன், இரண்டு வருடம், கையெழுத்துப் போட்டாச்சு என்று நானே சொன்னேன். அழுகை. "தெரியும்டி. நல்ல இடம். பொண்ணு திரும்பி வர மாட்டாளாம்னு விலகிட்டாங்க." எனக்கே தெரியாத ஒரு பேச்சுவார்த்தையை அக்கா, தெரியாமலே, முறித்துவிட்டிருக்கிறார். அம்மாவிடம் என் கோபத்தையும் சொன்னேன். "உங்கிட்ட கேட்டா வேணாம்னுதான சொல்லுவ?" என்றாள். கேட்காமல் இருப்பதற்கு எல்லோரிடமும் நல்ல காரணம் இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

தெளிந்த வானம். நாளைக்குக் குப்பை வண்டி.

அ.4-இல் மூன்று பத்திகளையும் வெட்டிவிட்டேன். ஹெலனின் கேள்விக்கு நேராக ஒரே வரி: கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்; பதிலைவிடச் சந்தேகத்தை வைத்துக்கொள்வது ஜனாதிபதிக்கு எளிதாக இருந்தது. ஆய்வேட்டுக்கு இது போதாது. ஹெலன் சான்று கேட்பார்.

வெ.செ. பிறகு அந்தத் தூதரைத் தேடிப் போய், தன்மேல் பழி இல்லை என்று எழுதி வாங்கிவந்தார். தன் பக்க நியாயத்தை நீளமாக எழுதி அச்சிட்டார். நண்பர்கள் மறுபடி நண்பர்கள் ஆகவில்லை.

மாலை ஆறு இருக்கும். அக்கா ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டனீடன் நம்பர் போல."

வேண்டாம் அக்கா, நான் வேறு யாரையாவது சொல்கிறேன் என்று வாய் வரை வந்தது. அதற்குள் எடுத்துவிட்டார். "ஹலோ. ஓம், ஜெசிந்தா தான் கதைக்கிறன்." நடந்துகொண்டே தன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "நீங்கள் ஆரெண்டு முதல் சொல்லுங்கோ. வீட்டுக்காரியோ, மாப்பிள்ளை வீடோ?"

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ. அக்கா தலையாட்டினார்.

"சரி. என்ன தெரிய வேணும், கேளுங்கோ."

கதவை அகலத் திறந்தே விட்டிருந்தார். வேண்டுமென்றுதான். நான் ஹாலில், போன புதன்கிழமை நின்ற அதே இடத்தில்.

போய்க் கதவைச் சாத்தினேன். குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன்.